சாவி யார் கையில்?

அரட்டை!

இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. வேலையற்றவன் விளையாட்டு, வீண் பொழுது, வெட்டி வம்பு என்றுதான் பெரியவர்கள் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "என்ன அங்கே அரட்டை?" என்று அதட்டாத வாத்தியார் உண்டா? அதட்டாத மேஸ்திரிதான் உண்டா?

ஆனால் தோழர்களே, எண்ணிப் பாருங்கள். மேஸ்திரி ஏன் அதட்டுகிறார்? நாலு தொழிலாளி ஒன்றாய் நின்று பேசினால், முதல் நாள் பேச்சு வெயிலைப் பற்றி இருக்கும். இரண்டாம் நாள் அரிசி விலையைப் பற்றி இருக்கும். மூன்றாம் நாள் கூலியைப் பற்றி வந்துவிடும். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் அதட்டுகிறார்!

பெரம்பூரில் நடந்தது என்ன? பின்னி ஆலைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து கூடிய இடம், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு வணிகர்கள் நடத்திவந்த வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை. பக்திப் பிரசங்கம் கேட்க வந்தவர்கள், பக்கத்தில் இருந்தவரிடம் ஆலையிலே தாம் படும் பாட்டைச் சொன்னார்கள். கேட்டவர் தன் பாட்டைச் சொன்னார். அந்தப் பேச்சு வளர்ந்தது. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கமாக மலர்ந்தது. வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள் கொடுத்தார். சங்கம் பிறந்த அந்த ஆண்டே முதலாளி ஆலைக் கதவை அடைத்துப் பார்த்தார். ஆலைக் கதவை அடைக்க முடிந்தது. பேச்சை அடைக்க முடியவில்லை. ஏன்? பேச்சு நடந்த இடத்தின் சாவி முதலாளியிடம் இல்லை!

இந்தச் சாவி விஷயத்தைத்தான் இன்று நாம் பேச வந்தோம். இது பழைய ஆலைக் கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கம்ப்யூட்டருக்குள்ளே நடக்கும் அரட்டையைப் பற்றிய கதை இது.

தறிப்பேட்டையும் ரிச்சி தெருவும்

சிந்தாதிரிப்பேட்டையை அறியாதவர் சென்னையில் இல்லை. 1734ஆம் ஆண்டு, மார்ட்டன் பிட் என்ற வெள்ளைக்காரக் கவர்னர் காலத்தில், கூவம் வளைந்தோடும் மடியிலே, சுங்குராமர் என்ற வணிகரின் தோட்டமாக இருந்த நிலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றினார்கள். 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறியிலே உட்கார்ந்தவர் தமிழ்நாட்டு நெசவாளி; துணி போய்ச் சேர்ந்தது கம்பெனிக் கப்பலுக்கு.

அதே பேட்டையிலே இன்று மே தினப் பூங்கா இருக்கிறது. நேப்பியர் என்ற கவர்னர் பெயரைச் சுமந்த பூங்கா, உழைப்பவர் திருநாளின் பெயரைப் பெற்றது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையிலே இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடினாரே, அந்த ஊருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது.

அந்தப் பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்திலே, அண்ணா சாலையை ஒட்டி, ரிச்சி தெரு. ரேடியோ உதிரிப் பாகம் விற்ற தெரு, இன்று கம்ப்யூட்டரும் செல்போனும் கேமராவும் விற்கிற தெரு. சின்னச் சின்னக் கடைகள். வாசலிலே ஒரு மேசை. மேசை மேலே ஒரு விளக்கு. சால்டரிங் இரும்பைப் பிடித்த கை. பட்டம் படித்த என்ஜினியர் கைவிட்ட பெட்டியை, பத்தாவது படித்த தம்பி உயிர்ப்பித்துக் கொடுப்பான். அப்படிப்பட்ட கைகள் அந்தத் தெருவிலே ஏராளம்!

ஆனால் அந்தக் கைக்கும் ஓர் எல்லை உண்டு. பெட்டியைத் திறக்க ஸ்குரூ டிரைவர் போதும். பெட்டிக்குள்ளே ஓடுகிறதே மென்பொருள், அதைத் திறப்பது எப்படி? அதை எழுதிய கம்பெனி, எழுதிய மூலத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஓடுகிற வடிவத்தை மட்டும் விற்கிறது. பழுது இருந்தால் பார்க்க முடியாது. பார்த்தாலும் திருத்தக் கூடாது. திருத்தினாலும் பக்கத்துக் கடைக்காரருக்குக் கொடுத்தால் குற்றம்! காசு கொடுத்துச் சோறு வாங்கினால், உப்புப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லுகிற ஓட்டல் எங்கேயாவது உண்டா? மென்பொருள் உலகத்திலே உண்டு.

காகிதம் சிக்கிய கதை

இதை எதிர்த்து ஒருவர் கிளம்பினார். அமெரிக்காவிலே, எம்.ஐ.டி. ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன். அவரைக் கிளப்பிவிட்டது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒரு பிரின்டர்! ஆம், ரிச்சி தெருவிலே தினம் நூறு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதே பிரின்டர்தான்.

ஆய்வகத்துப் பழைய பிரின்டரிலே காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி ஸ்டால்மன் மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார். பிறகு ஜெராக்ஸ் கம்பெனி புது பிரின்டர் ஒன்றைக் கொடுத்தது. அதிலும் காகிதம் சிக்கியது. திருத்தலாம் என்று பார்த்தால் மூலநிரல் இல்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்தவரிடம் நேரிலே போய்க் கேட்டார். "தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்று பதில் வந்தது. அந்தச் சொல் அவரைத் தைத்தது. தெரிந்த ஒன்றைத் தெரியாதவனுக்குச் சொல்லக் கூடாது என்று ஒரு காகிதம் தடுக்குமா? தடுக்குமானால், அந்தக் காகிதத்துக்கு எதிராக வேறொரு காகிதம் எழுதுவேன் என்று புறப்பட்டார்.

1983 செப்டம்பரில் 'குனு' என்ற திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனு பொது உரிமம் வந்தது. அதன் சாரம் எளிது: இந்த மென்பொருளை எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துக் கற்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. வாங்கிய சுதந்திரத்தை வாங்கியபடியே அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டும். இடையிலே பூட்டக் கூடாது. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவை எழுதி வெளியிட்டார்; அடுத்த ஆண்டு அதையும் இந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இன்று உலகத்தின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலிலே, 2017 நவம்பர் முதல், இடம்பெறுவதெல்லாம் லினக்ஸ் ஓடுகிறவை. நம் சட்டைப் பையிலே இருக்கும் ஆண்ட்ராய்டு செல்போனின் கருவும் லினக்ஸ்தான்.

இதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறார்கள். திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்லுகிறார்கள். கட்டியவர்கள் ஒரு கட்டடத்தில் உட்கார்ந்தவர்கள் அல்லர். ஒரு நாட்டவரும் அல்லர். பின்லாந்தில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், பெங்களூரில் ஒருவர். இவர்கள் எங்கே சந்தித்தார்கள்? எப்படிக் கலந்தார்கள்?

அரட்டை அடித்தார்கள்!

கதவில்லாத அறை

1988 ஆகஸ்டில், பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில், யார்க்கோ ஒய்க்கரினன் என்பவர் ஐ.ஆர்.சி. என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். சங்கதி சுருக்கமானது. ஒரு சர்வர் இருக்கும். அதிலே அறைகள் இருக்கும். எண்குறி போட்டு அறையின் பெயரைத் தட்டினால் உள்ளே போய்விடலாம். உள்ளே இருப்பவர் எழுதுவது எல்லோருக்கும் அந்த நொடியே தெரியும். படம் இல்லை, பகட்டு இல்லை, வெறும் எழுத்து. ஆமை வேக இணைப்பிலும் ஓடும். 1991இல் மாஸ்கோவிலே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, அங்கே நடந்ததை வெளியுலகுக்குச் சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று.

அந்த அறையிலே நடப்பது என்ன? ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ரிச்சி தெருத் தம்பி ஒருவன் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரிலே ஒரு பழைய பிரின்டரை மாட்டுகிறான். ஓடவில்லை. அறைக்குள் போய்க் கேட்கிறான். உடனே பதில் வராது. பத்து நிமிடம் கழித்து ஒருவர் கேட்பார்: "என்ன மாடல்? என்ன பிழைச் செய்தி வந்தது?" தம்பி எடுத்துப் போடுவான். இன்னொருவர் நுழைவார்: "இந்த வரியை மாற்றிப் பார்." மாற்றுவான், வேலை செய்யாது. மூன்றாமவர், அந்த மென்பொருளை எழுதியவர்களிலேயே ஒருவராக இருப்பார், "இது எங்கள் தவறு, திருத்துகிறோம்" என்பார். மறு வெளியீட்டிலே திருத்தம் வந்துவிடும். அதே பிரின்டர் வைத்திருக்கிற கென்யா நாட்டுக் கடைக்காரரும் அதனால் பயனடைவார். தனக்காகக் கேள்வி கேட்டவன் சிந்தாதிரிப்பேட்டைப் பையன் என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது.

கேள்வி கேட்டதே ஒரு பணி! அதைக் கவனியுங்கள். கற்றவர் கொடுப்பது, கல்லாதவர் வாங்குவது என்ற ஏற்பாடு அங்கே இல்லை. "ஓடவில்லை" என்று சொன்னவனும் அந்த மென்பொருளைக் கட்டியவர்களிலே ஒருவன்.

அங்கே சில ஒழுங்குகளும் உண்டு. "ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று கேட்காதே, சந்தேகத்தையே கேள். கேட்டுவிட்டு ஓடாதே, நமக்குப் பகலானால் பதில் தெரிந்தவருக்கு நள்ளிரவாக இருக்கலாம். என்ன செய்து பார்த்தாய் என்பதைச் சொல். விடை கிடைத்தால், அதை அறையிலே சொல்லிவிட்டுப் போ, அடுத்தவன் வருவான். படிப்பகத்துப் பத்திரிகையைப் படித்த பிறகு மடித்து வைக்க வேண்டும் என்கிற அதே ஒழுங்குதான்!

அறைக்குள் வருகிறவனுக்கு ஒரு புனைபெயர் போதும். பெயருக்குப் பின்னே சாதி வால் தேவையில்லை. எந்தக் கல்லூரி, எந்தத் தெரு, அப்பா யார் என்று கேட்பவரும் இல்லை. எழுதிய வரி சரியாக ஓடுகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்காக அங்கே சொர்க்கம் நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. புதிதாக வருகிறவனை எடுத்தெறிந்து பேசும் மூத்த மேதாவிகள் அந்த அறைகளில் நிறைய இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். பெண்கள் நுழைந்தால் கேலி செய்து விரட்டிய அறைகளும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸே தம் கடுஞ்சொல்லுக்காக 2018 செப்டம்பரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கி இருக்க வேண்டியதாயிற்று. நடத்தை நெறி எழுதி ஒட்டியபிறகே பல அறைகள் மனிதர் உட்காரத்தக்கவை ஆயின. மூலம் திறந்திருந்தால் மட்டும் போதாது, முகமும் திறந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நாமும் நம் கிளைகளிலே கற்க வேண்டிய பாடம்தான் அது.

2021 மே: ஒரு வெளிநடப்பு

இப்போது சாவிக்கு வருவோம்.

இந்த அறைகளிலே மிகப் பெரிய கூட்டம் கூடிய இடம் ஃப்ரீநோட் என்ற சர்வர்த் தொகுதி. உபுண்டு, விக்கிமீடியா, ஜென்டூ என்று கட்டற்ற உலகத்தின் பெரிய பெயர்களெல்லாம் அங்கே அறை வைத்திருந்தன. சர்வரைப் பார்த்துக்கொண்டவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். ஆண்டுக்கணக்கில் ஓடியது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நம் இடம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

2017இல், ஃப்ரீநோட் பெயரிலே இருந்த ஒரு கம்பெனி, ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபர் கைக்குப் போனது. ஒன்றும் மாறாது என்றார்கள். நாலு ஆண்டு கழிந்தது. 2021 மே மாதம், இடம் என்னுடையது என்று உரிமை பேசப்பட்டது; நிர்வாகத்தில் கை நுழைந்தது. தொண்டர்கள் சண்டை போட்டுப் பார்த்தார்கள். மே 19ஆம் நாள் அவர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். செய்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அதே நாளில் லிபெரா சாட் என்ற புதிய இடத்தைத் திறந்தார்கள். இந்த முறை ஸ்வீடன் நாட்டிலே லாபநோக்கில்லாத சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஃப்ரீநோட் அறைகளிலே "நாங்கள் லிபெராவுக்குப் போகிறோம்" என்று அறிவிப்பு ஒட்டியிருந்த நூற்றுக்கணக்கான அறைகளை, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே நிர்வாகம் பறித்துக்கொண்டது. வாசலிலே ஒட்டிய விலாசத்தைக் கிழித்த வேலை! ஜூன் மாதம், பழைய பதிவுகளையே துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறோம் என்றார்கள். ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் அந்த மாதமே லிபெராவுக்குப் போயிற்று. பறித்தவர் கையிலே மிஞ்சியது என்ன? சர்வர் மிஞ்சியது, பெயர் மிஞ்சியது, பேசுகிற மனிதர்கள் போய்விட்டார்கள்.

1918இலே பெரம்பூரில் கண்டது இதுதானே? கதவடைப்பு செய்கிறவருக்குக் கதவு சொந்தமாக இருக்கலாம், கூட்டம் சொந்தமாகாது!

ஆனாலும் தோழர்களே, இந்தக் கதையை வெற்றிக் கதையாக மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அவர்கள் தப்பியதற்குக் காரணங்கள் மூன்று. ஒன்று, அவர்கள் பயன்படுத்திய ஐ.ஆர்.சி. யாருக்கும் தனிச் சொத்தல்ல. புதிய சர்வர் வைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு, ஒருவரை ஒருவர் நம்பும் பழக்கம் இருபது ஆண்டாக வளர்ந்திருந்தது. மூன்று, போகும் இடத்தைச் சொல்ல வேறு வழிகள் இருந்தன. இந்த மூன்றும் இல்லாதவர்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால்? தெருவிலேதான் நின்றிருப்பார்கள்.

நம் வீட்டுக் கதை

தெருவிலே நிற்கிறவர்கள் யார்? வேறு யாருமில்லை, நாம்தான்!

இன்று நம் கிளைக் கூட்டம் எங்கே அறிவிக்கப்படுகிறது? வாட்ஸ்அப் குழுவிலே. ஊர்வலத்துக்கு எத்தனை வண்டி என்பது எங்கே முடிவாகிறது? வாட்ஸ்அப் குழுவிலே. ஆலை வாயிலிலே நடந்த அநியாயத்தைப் படம் பிடித்து எங்கே போடுகிறோம்? அங்கேயே. அந்த மண்டபம் யாருடையது? அமெரிக்காவின் மெட்டா கம்பெனியுடையது. வாடகை கேட்கவில்லையே என்று மகிழ்கிறோம். வாடகை வாங்காத வீட்டுக்காரர் வேறு எதையோ எடுத்துக்கொள்கிறார் என்று சந்தேகிக்கிற புத்தி, வாடகை வீட்டிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு ஏன் வரவில்லை?

"வெளிநாட்டுக் கம்பெனி வேண்டாம், நம்மூர்க் கம்பெனிதான் 'அரட்டை' என்று தமிழ்ப் பெயரிலேயே ஒன்று வைத்திருக்கிறதே!" என்பார்கள் சிலர். ஆமாம், சென்னையிலே வேர்கொண்ட சோஹோ நிறுவனம் 2021இல் கொண்டுவந்தது. 2025இல் டில்லி அமைச்சர்களே சிபாரிசு செய்தார்கள். தமிழ்ப் பெயரைக் கண்டு மகிழ்கிறோம். நம் பிள்ளைகள் செய்த பொருள் என்பதிலே பெருமையும் உண்டு. ஆனால் கேள்வி பெயரைப் பற்றியதல்ல. அதுவும் ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமை. பூட்டு திண்டுக்கல்லிலே செய்ததாக இருந்தாலும், சாவி நம் இடுப்பிலே இல்லையென்றால் அது நம் வீட்டுப் பூட்டு ஆகுமா?

சரி, கட்டற்ற வழியிலே போனவர்களுக்காவது நிம்மதி உண்டா? அங்கேதான் சர்க்கார் குறுக்கே வந்தது. 2023 மே மாதம், 14 செய்திச் செயலிகளை மத்திய அரசு தடை செய்ததாகச் செய்தி வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. காரணம், காஷ்மீரிலே பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது. அந்தப் பட்டியலிலே எலிமென்ட், பிரையர் என்ற இரண்டு கட்டற்ற மென்பொருள்களும் இருந்தன. எங்களுக்கு முன்னறிவிப்பே வரவில்லை என்றது எலிமென்ட்டின் நிறுவனம். அது சாதாரணச் செயலியல்ல. மேட்ரிக்ஸ் என்ற புது ஏற்பாட்டின் வாசற்கதவு. பிரெஞ்சு அரசாங்கம் தன் ஊழியர்கள் பேசிக்கொள்ள அதே மேட்ரிக்ஸை வைத்துத்தான் தனக்கென ஒரு செயலியைக் கட்டிக்கொண்டது. ஓர் அரசு தன் அலுவலகத்துக்கு ஏற்றது என்று கண்டதை, இன்னோர் அரசு ஆபத்து என்று மூடுகிறது! கேரளத்திலே கட்டற்ற மென்பொருள் தோழர்கள் வாய்மூடி இருக்கவில்லை. தடையை எதிர்த்து உயர்நீதிமன்றம் போனார்கள்.

மேட்ரிக்ஸ் என்றோமே, அது என்ன? தபாலாபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். சிந்தாதிரிப்பேட்டைத் தபாலாபீஸ் வேறு, மதுரைத் தபாலாபீஸ் வேறு. ஆனால் இங்கே போட்ட கடிதம் அங்கே போய்ச் சேருகிறது. அதுபோல, ஒவ்வொரு சங்கமும் தனக்கென ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாம். ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு பேசலாம். ஒரு தபாலாபீஸை மூடினால் ஊர் முழுவதும் ஊமையாகிவிடாது. 2014இலே தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு, தன் ஐ.ஆர்.சி. சர்வரை மூடிவிட்டு 2020இல் மொசில்லா நிறுவனமும் வந்து சேர்ந்தது.

கேட்பார்கள், பதில் சொல்லுவோம்

"எல்லோரும் நுழையலாம் என்றால் திருடனும் நுழைவானே?" நியாயமான கேள்வி. நுழைந்தான்! எக்ஸ்.இசட். என்ற சின்ன மென்பொருள். அதைக் காத்துவந்தவர் தனி மனிதர், களைத்துப்போனவர். உதவி செய்கிறேன் என்று ஒருவன் புனைபெயரிலே வந்தான். இரண்டாண்டுக்கு மேல் நல்லவனாக நடித்தான். நம்பிக்கையைப் பெற்றான். பிறகு உலகத்துச் சர்வர்களிலே கள்ளக் கதவு வைக்கும் நிரலை நுழைத்தான். 2024 மார்ச்சில், ஆண்ட்ரஸ் ஃப்ரியுண்ட் என்ற என்ஜினியர், தம் கம்ப்யூட்டரிலே உள்ளே நுழைய அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று துருவிப் பார்த்தார், களவு வெளிப்பட்டது. மூலம் திறந்திருந்ததால் அவரால் துருவ முடிந்தது. பூட்டிய மென்பொருளிலே இது நடந்திருந்தால் துருவ வழி ஏது?

ஆனால் அந்தச் சம்பவத்திலே இன்னொரு பாடமும் இருக்கிறது. உலகமே சாய்ந்திருந்த தூணைத் தாங்கியவர் ஒற்றை மனிதர், அதுவும் ஊதியமில்லாமல்! கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் கம்பெனிகள் அந்தத் தூணிலே சாய்ந்துகொண்டு, தாங்கியவன் தோளைப் பார்க்கவில்லை. இலவச உழைப்பிலே லாபம் குவிக்கிறவர் இங்கேயும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. "கட்டற்றது" என்றால் "காசற்றது" என்று பொருளல்ல. மேட்ரிக்ஸை நடத்தும் அறக்கட்டளையே 2025 தொடக்கத்தில் பணமுடை என்று பகிரங்கமாகக் கை நீட்டியது. சந்தா இல்லாமல் சங்கம் நடக்காது என்பதை ரசீதுப் புத்தகம் தூக்கிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர் சமாசாரம்" என்பார்கள். அந்தப் பேச்சுக்கும் இடமில்லாமல் செய்துவருகிறார்கள் நம் தமிழ்நாட்டுத் தோழர்கள். சென்னையிலே லினக்ஸ் பயனர் குழு 1990களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மாதந்தோறும் கூடிப் பேசிப் பழகியவர்கள். காஞ்சிபுரத்திலே ஒரு குழு தமிழிலேயே பேசுகிறது. விழுப்புரத்திலே ஒரு குழு, கிராமத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறது. 'கணியம்' என்ற தமிழ் இதழ் 2012 முதல் இந்த வித்தையைத் தமிழிலே எழுதுகிறது. தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கல்லூரிப் பிள்ளைகளிடையே வேலை செய்கிறது. இவர்கள் யாரும் கொழுத்த முதலீட்டிலே நிற்பவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து நிற்பவர்கள்.

பேசும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளிலே, விண்டோஸோடு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. பெட்டிக்குள் கட்டற்ற மென்பொருள் இருந்தது. பக்கத்திலே உட்கார்ந்து "இதை இப்படித் திற" என்று சொல்ல ஆள் இல்லாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? நூல் நிலையத்தைக் கட்டி, எழுத்தறிவிப்பவனை வைக்காமல் விட்டது போலத்தான்! மென்பொருளைக் கொடுப்பது பாதி வேலை. பேசுகிற அறையைக் காட்டுவது மீதி வேலை.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு படிப்பகத்திலும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கட்டும். புதிது வேண்டாம், கழித்துப் போட்ட பெட்டியிலே லினக்ஸ் சுகமாக ஓடும். ரிச்சி தெருவிலே வேலை செய்கிற தோழர் ஒருவர் ஒரு மாலை வந்தால் போதும். அங்கே வருகிற பிள்ளைகளுக்கு அந்த அரட்டை அறைகளைக் காட்டுங்கள். தமிழிலே கேட்கக்கூடிய அறையிலே முதலில் கேட்கட்டும். பிறகு உலகத்து அறையிலே அஞ்சாமல் கேட்பார்கள்.

வாட்ஸ்அப்பை நாளையே தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மக்கள் இருக்கும் இடத்திலே நாம் இருந்தாக வேண்டும். சந்தையிலே கூட்டம் போடுகிறோம். அதற்காகச் சந்தையிலேயே குடியிருக்கிறோமா? நாலு கிளை சேர்ந்து, நாலு தோழர் சந்தா போட்டு, தமக்கென ஒரு சர்வர் வைத்துப் பழகட்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் போதாது, மூவர் வேண்டும். ஒற்றை ஆள் தோளிலே தூணை வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்டோமே! அந்த இடம் யார் பெயரில் பதிவாகிறது என்பதை முதல் நாளே கூட்டத்திலே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீநோட் தோழர்கள் நாலு ஆண்டு தாமதமாகக் கேட்ட கேள்வி அது.

இன்னொன்று. உறுப்பினர் பட்டியலும் விலாசமும் காகிதத்திலே ஒரு பிரதி இருக்கட்டும். எந்த இரவிலே எந்தக் கதவு மூடினாலும், மறுநாள் காலையிலே எங்கே கூடுவது என்று ஒவ்வொரு தோழருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிந்தாதிரிப்பேட்டையின் பழைய நெசவாளி, தான் நெய்த துணி எந்தக் கப்பலிலே ஏறுகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று கேட்க வழியில்லாமல் உழைத்தான். அவன் பேரப் பிள்ளைகள் கேட்கலாம். கேட்பதற்கென்று இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குச் சாவி செய்து வைத்துக்கொள்ளும் வித்தையும் யாருக்கும் தனிச் சொத்தில்லாமல் திறந்தே கிடக்கிறது. இந்த வாரக் கிளைக் கூட்டத்திலே, முதல் பொருளாக இதை வையுங்கள்: நாம் பேசுகிற இடத்தின் சாவி யார் கையில்?